இலையை எந்தப் பக்கம் மடிப்பது

வெத்தலைப்பேட்டையில் இருப்பது நாலே தெரு. நாலையும் சேர்த்து ஒரு சுற்று நடந்தால் இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்துக்குள் பதினோரு சாப்பாட்டுக் கடை. அந்தப் பதினோரு கடையிலும் ஆடி மாதம் மூன்றாவது வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கைகழுவிய ஒருத்தராலும் அதற்குப் பிறகு அந்த நாலு தெருவைத் தாண்டி வெளியே போக முடியவில்லை. கைகழுவியவர்களில் நானும் ஒருத்தி, என் மகன் காளிராஜ் ஒருத்தன்.

நான் சாத்தூரிலிருந்து அவனைப் பார்த்துவிட்டுப் போகத்தான் மதுரைக்கு வந்தேன், நாலு நாள் இருப்பதாக ஏற்பாடு. கீழத்தெரு அச்சாபீஸில் அவனுக்கு வேலை கிடைத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. மாடியில் ஒற்றை அறை, அடுப்பு கிடையாது. "கடையிலயே சாப்பிட்டுக்கோம்மா, இங்க கடைக்கா பஞ்சம்" என்று சொல்லிவிட்டுக் காலையிலேயே இறங்கிப் போய்விடுவான். முப்பத்து மூன்று வருஷம் சமைத்து மற்றவர்களுக்குப் போட்டவள் நான். ஒரு கடையில் தனியாக உட்கார்ந்து, இது வேண்டும் என்று வாய் திறந்து கேட்டு, இன்னொருத்தர் பரிமாறச் சாப்பிட்டது என்பது அந்த வயதுவரை நடக்காத காரியம். முதல் நாள் வாசலில் நின்று நின்று திரும்பிவிட்டேன். இரண்டாம் நாள் பசி என்னை உள்ளே கொண்டுபோய் உட்காரவைத்தது. அதற்குப் பிறகு என் காலே வழி கண்டுபிடித்துக்கொண்டது: விடிந்ததும் கிழக்கு முக்கில் இட்லியும் மல்லிச் சட்னியும், பத்து மணிக்கு மேலத்தெருவில் குழிப்பணியாரம், மத்தியானம் சௌந்தரம் அக்கா மெஸ்ஸில் இலைச் சாப்பாடு, நாலு மணிக்குப் பருத்திப்பால், வெயில் தாழ்ந்ததும் கொத்துப் பரோட்டா போடுகிற சத்தத்தைக் கேட்டபடி இன்னொரு சுற்று நடை. யாரும் என்னை ஏன் நடக்கிறாய் என்று கேட்கவில்லை. சாமியிடம்கூடச் சொன்னேன், தாயே, இந்த நாலு நாளும் எனக்கு நீ கொடுத்த லீவு என்று.

பதினோரு கடையிலும் இலையில்தான் போடுவார்கள். சாப்பிட்டு முடித்ததும் இலையை என் பக்கமாக மடித்துவிட்டு எழுவேன். மேல்பாதியை நம் பக்கம் கொண்டுவந்து மடித்தால் இந்த உறவு தொடரட்டும் என்று அர்த்தம். சாவு வீட்டில் மட்டும் கீழ்ப்பாதியை எடுத்து எதிர்ப்பக்கமாக மடிப்போம், இந்த மாதிரிச் சாப்பாடு இந்த வீட்டில் இனி வேண்டாம் என்று. எங்கள் பக்கம் எல்லோரும் இப்படித்தான். யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தந்ததாக ஞாபகம் இல்லை, கை தானாகச் செய்யும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் காளிராஜோடு சௌந்தரம் அக்கா மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு மூன்றரை மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சாத்தூரில் என் மகள் தங்கமாரிக்கு எட்டாம் மாதம் தொடங்கியிருந்தது. தலைப்பிரசவம், வளைகாப்புப் போட்டு நான்தான் வீட்டுக்குக் கூட்டிவந்திருந்தேன். அவள் அப்பாவுக்கு வெந்நீர் வைக்கத் தெரியும், அதற்கு மேல் தெரியாது.

கிழக்கு முக்கில் ஒரு தபால் பெட்டி நிற்கிறது. அதைத் தாண்டினால் பெரிய ரோடு, ரோட்டில் பஸ். நான் தபால் பெட்டியைத் தாண்டினேன், ஹாரன் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருந்தது, அடுத்த அடி வைத்தபோது மேலத்தெருப் பருத்திப்பால் கடை முன்னால் நின்றேன். பருத்திப்பால்காரர் அகப்பையைக் கீழே வைக்காமல், "இப்பத்தானம்மா ஊருக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனீங்க" என்றார். வெயிலில் தலை சுற்றியிருக்கும் என்று மறுபடி நடந்தேன். மறுபடியும் அவர் முன்னால்தான் வந்து நின்றேன். மூன்றாவது முறை, "ஒரு டம்ளர் குடிச்சுட்டு நடங்க, தெம்பா இருக்கும்" என்றார். அன்று பொழுது சாய்வதற்குள் தபால் பெட்டியைத் தாண்டி மேலத்தெருவில் வந்து சேர்ந்தவர்கள் நானூறு பேருக்குக் குறையாது. கைப்பையோடு வந்தார்கள், குடையோடு வந்தார்கள், வக்கீல் ஒருத்தர் கட்டுக் காகிதத்தோடு வந்தார். பரோட்டா மாஸ்டர் மட்டும் நடந்து போனால்தானே இந்த வம்பு என்று சைக்கிளில் வேகமாகப் போனார், அதே வேகத்தில் வந்து பருத்திப்பால் அண்டாவில் மோதினார்.

ஏன் இப்படி என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கு ஒரு பதில் கிடைத்தது, சாக்கடைக்குத் தோண்டியதில் ஏதோ கலைந்துவிட்டது என்றார்கள், முளைப்பாரி ஊர்வலம் அந்த வருஷம் நாலு தெருவையும் சுற்றாமல் பாதியில் திரும்பியதால் என்றார்கள், இரண்டு வாரத்தில் அந்தப் பேச்சும் அலுத்துப்போய் மத்தியானம் எங்கே சாப்பிடுவது என்பதே பெரிய பேச்சாகிவிட்டது. காய்கறி வண்டி வந்தது, போனது. கேஸ் சிலிண்டர் வந்தது, போனது. வந்தவர்கள் சாப்பிடாதவரைக்கும் போக முடிந்தது, சாப்பிட்டவர்கள் இருந்துவிட்டார்கள். என்ன நடக்கிறது என்று விசாரித்து எழுதிக்கொண்டுபோக வந்த அதிகாரி ஒருத்தர் எழுதும்போதே பசி தாங்காமல் ஒரு பொங்கல் சாப்பிட்டார், அதற்குப் பிறகு இட்லிக் கடையின் பின்கட்டில் மேஜை போட்டு உட்கார்ந்து நான்கு தெருவுக்கும் சாதிச் சான்றிதழுக்கு மனு வாங்க ஆரம்பித்தார். தபால் பெட்டிக்கு இந்தப் பக்கம் பெண்ணும் அந்தப் பக்கம் மாப்பிள்ளை வீட்டாரும் நிற்க ஒரு நிச்சயதார்த்தம் நடந்தது, தாம்பூலத் தட்டு மட்டும் கைமாறியது. சொந்தக்காரர்கள் பார்க்க வந்தால் வாங்க என்று கூப்பிட்ட வாயாலேயே சாப்பிடாமப் போயிருங்க என்றும் சொல்ல வேண்டியதாயிற்று, அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல முடியாமல் சில பேர் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

பதினோரு கடைக்கும் தினமும் அதே நானூறு நாக்கு. ஐந்தாம் நாள், "நேத்தும் இதே சாம்பார்தான்" என்று ஒருத்தர் சொல்ல, இட்லிக்கடைக்காரர், "நேத்தும் இதே மூஞ்சிதான் வந்துச்சு, நான் ஏதாவது சொன்னேனா" என்றார். பிறகு மாஸ்டர்கள் கடை மாற்றிக்கொண்டார்கள். பணியாரக்காரி சால்னா வைத்தாள், பரோட்டா மாஸ்டர் ஆப்பம் சுட்டு அது வட்டமாக வரவில்லை என்று அழுதார். இந்த முக்கில் பெருங்காயம் பொரிந்தால் அந்த முக்கில் இருப்பவருக்கு யார் கை பொரித்தது என்று தெரிந்தது. நானும் சுற்றினேன். முன்னால் காலுக்குச் சுகமாக இருந்த அதே இருபது நிமிஷம் இப்போது செக்குமாட்டுக்கு இருக்கிற மாதிரி இருந்தது. எட்டாவது கடையின் வாசம் முடிகிற இடத்தில் ஒன்பதாவது கடையின் வாசம் பிடித்துக்கொள்ளும், விடாது.

காலையும் மாலையும் போன் வரும். "கடுகு டப்பா எது?" என்பார் என் வீட்டுக்காரர்.

"ரெண்டாவது தட்டுல, பச்சை மூடி."

"பச்சை மூடியில வெந்தயம்ல இருக்கு."

"மாத்தி வச்சுருப்பீக. அவ கால் வீங்கியிருக்கா பாருங்க. கால பாருங்க, டப்பாவ விடுங்க."

தங்கமாரி போனை வாங்கி, "எனக்கு ஒண்ணுமில்லம்மா, நீ எப்ப வருவ" என்பாள். வளைகாப்பு வளையல் போனுக்குள் கிலுகிலுக்கும். நான் வந்துருவேன் என்பேன். வைத்துவிட்டு முக்கில் இருக்கிற பிள்ளையார் முன்னால் உட்காருவேன். அப்பா, நான் கேட்டு வாங்கிய லீவு போதும், கதவைத் திற என்பேன். அவர் எதிரில் இருந்த இட்லிக் கடையைப் பார்த்தபடி இருந்தார்.

மெஸ்ஸில் என் மேஜைக்கு எதிரில் நிரஞ்சன் என்று ஒருத்தர் உட்காருவார். ஒரிசாக்காரர், டைல்ஸ் ஒட்டுகிற வேலைக்கு வந்து மாட்டிக்கொண்டவர், ஊரில் இரண்டு பெண் பிள்ளைகள். எங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இலையை மடிக்கப் பழகியிருந்தார். ஒரு நாள் இடது கையில் போனைப் பிடித்து மகளிடம் பேசிக்கொண்டே, கவனமில்லாமல், தன் பக்கத்துப் பாதியை எடுத்து எதிர்ப்பக்கமாக மடித்துவிட்டார்.

பரிமாறுகிற பிச்சைமணி ரசவாளியோடு நின்றுவிட்டார். "ஏப்பா, யாரு செத்தா இங்க? இது என்ன எழவு வீடா?"

மெஸ்ஸே சிரித்தது. நிரஞ்சனும் புரியாமல் சிரித்துவிட்டுப் போனார். மறுநாள் என் எதிரில் இடம் காலியாக இருந்தது. தபால் பெட்டிக்கு அந்தப் பக்கம், பெரிய ரோட்டில், நிரஞ்சன் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "அம்மா, என் பை உள்ள. உளி, கொத்துக்கரண்டி எல்லாம் உள்ள. வர முடியல." எங்கள் கண் முன்னாலேயே தபால் பெட்டியைத் தாண்டி உள்ளே கால் வைத்தார், வைத்தவர் ரோட்டுக்கு எதிர்ப்புறம் மருந்துக் கடை வாசலில் போய் நின்றார். பையை எடுத்துக் கொடுத்தோம். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "நான் என்ன பண்ணேன் தெரியாது. ஊருக்குப் போறேன்" என்றார். அவர் என்ன பண்ணினார் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

சாயங்காலத்துக்குள் நாலு தெருவுக்கும் தெரிந்துவிட்டது. அதிகாரிதான் முதலில் மடித்தார். பொங்கல் சாப்பிட்ட அதே கடையில் இன்னொரு பொங்கல் சாப்பிட்டு எதிர்ப்பக்கம் மடித்தார், வெளியே போனார், குடையை மறந்துவிட்டேன் என்று அங்கிருந்து கத்தினார். மாட்டிக்கொண்ட அன்றைக்கு எந்தக் கடையில் உள்ளே மடித்தோமோ அதே கடையில்தான் வெளியே மடிக்க வேண்டும் என்பதும், அப்படிப் போனவர் பிறகு உள்ளே கால் வைக்க முடியாது என்பதும் இரண்டு மூன்று பேர் பட்டுப் பார்த்ததில் விளங்கியது. வக்கீல் போனார், இன்னும் ஐம்பது அறுபது பேர் போனார்கள். வீடும் பெற்றோரும் கடையும் அங்கேயே வைத்திருந்தவர்கள் எப்படிப் போவார்கள்? அவர்கள் இலையைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, உள்ளே மடித்து, எழுந்து போய்க் கைகழுவினார்கள்.

எனக்கு வீடு வெளியே. நான் அன்றைக்கே போயிருக்கலாம். ஆனால் மகன் எதிரில் உட்கார்ந்திருக்க, உயிரோடு இருக்கிற பிள்ளையின் முன்னால், சாவுக்கு மடிக்கிற மாதிரி ஒரு இலையை மடிக்க என் கை வருமா?

"நீ மடிம்மா. நான் பின்னாலயே மடிச்சுட்டு வந்துர்றேன். பஸ்ஸுல சேர்ந்தே போவோம்" என்றான் காளிராஜ்.

"அப்ப நீ முதல்ல போ."

"உன்ன உள்ள விட்டுட்டு நான் வெளிய நின்னு என்ன செய்ய?"

"நான் சாமிகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்."

"சாமி உன் இலையவா மடிக்கும்" என்றான். அப்படியே ஒன்பது நாள் போனது.

நிரஞ்சன் தெரியாமல் மடித்ததைத் தவிர, சௌந்தரம் அக்கா மெஸ்ஸில் அதுவரை யாரையும் வெளியே மடிக்க விடவில்லை. அறுபதைத் தாண்டியவள், கையில் எப்போதும் ஈரத் துண்டு. "என் வீட்டுக்காரர் செத்த பதினாறாம் நாளுகூட இந்தக் கடையில யாரையும் அப்படி மடிக்க விடல. அந்தச் சாப்பாட்ட மண்டபத்துல போட்டேன். சோறு போட்ட எடத்துல இனிமே வேண்டாம்னு மடிச்சா எனக்கு எப்படி இருக்கும், நீயே சொல்லு சாத்தூரு" என்பாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அது எனக்கு ஒரு சாக்காகவும் இருந்தது.

பத்தாம் நாள் காலையில் தங்கமாரி பேசவில்லை, அவள் அப்பாதான் பேசினார். கடுகைப் பற்றிக் கேட்கவில்லை. "வயித்துல தண்ணி கொறஞ்சிருக்காம். இன்னிக்கே சேர்க்கணுமாம், நாளைக்கு விடியவும் ஆபரேஷனாம்" என்றார். "அம்மா வந்தாத்தான் வண்டியில ஏறுவேங்கா."

நான் போனைக் கையில் பிடித்தபடியே மெஸ்ஸுக்குப் போனேன். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. சொன்னேன். சௌந்தரம் அக்கா வெகுநேரம் துண்டைப் பிழிந்தாள், பிழிய அதில் தண்ணீரே இல்லை.

"உக்காரு" என்றாள். "நானே பரிமாறுறேன்."

காளிராஜ் அச்சாபீஸிலிருந்து விரல் முழுக்க மையோடு ஓடிவந்து எனக்கு எதிரில் உட்கார்ந்தான். மணி பத்தரைதான் இருக்கும், வேறு ஆளில்லை. அக்கா எனக்கு மட்டும் இலை போட்டாள், தண்ணீர் தெளித்தாள், உப்பு வைத்தாள், கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, பீர்க்கங்காய்க் கூட்டு, பொரித்த அப்பளம் ஒன்றுக்கு இரண்டு. நான் சாப்பிடுகிற மாதிரி சாப்பிட்டேன். ரசம் கேட்டாளா, மோர் கேட்டாளா, எனக்கு நினைவில்லை. இலை காலியானதும் அவள் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். பிச்சைமணி வாளியைக் கீழே வைத்துவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்தார்.

என் கை இலையின் இந்தப் பக்க ஓரத்தைத் தொட்டது. தொட்டதோடு நின்றது. இருக்கன்குடித் தாயே, நான் மடிப்பது இவனுக்கு இல்லை, இந்தத் தெருவுக்குத்தான் என்று சொன்னேன். கை அசையவில்லை. என் மகளுக்காக என்றேன். அசையவில்லை. தாலி கட்டின கழுத்திலிருந்து வேர்வை இறங்கி இலையில் சொட்டியது.

காளிராஜ் எழுந்து குனிந்து, மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையை நீட்டி, என் விரலுக்குக் கீழே இருந்த ஓரத்தை எடுத்து, தன்னை நோக்கி இழுத்து மடித்தான்.

"எனக்கு இது உள்பக்கம்தாம்மா" என்றான். "நல்ல மடிப்புத்தான். போ."

மடித்த இலையில் அவன் மைவிரல் ஐந்தும் பதிந்திருந்தது.

நான் தபால் பெட்டியைத் தாண்டினேன். அடுத்த அடி பெரிய ரோட்டில் விழுந்தது. தார் சுட்டது. வழக்கமாக ஒரு காரியம் முடிந்தால் கும்பிடுவேன், அன்று கும்பிடக்கூட மறந்து, திரும்பி நின்று அவனுக்காகக் காத்திருந்தேன். பின்னாலேயே அவன் தன் இலையை மடித்துவிட்டு வர வேண்டும். கால்மணி கழித்து அவன் தெருவில் நடந்துவருவது தெரிந்தது, கையை ஆட்டினான், தபால் பெட்டிவரை வந்தான், தாண்டினான், காணவில்லை. சாத்தூர் பஸ் இரண்டு போய்விட்டன. மறுபடியும் அவன் தெருக்கோடியிலிருந்து நடந்துவந்தான், இந்த முறை மெதுவாக. அவனிடம் பருத்திப்பால் வாசம் அடித்தது.

"ரெண்டு தடவ மடிச்சுப் பார்த்துட்டேம்மா. உன் இலைய எம்பக்கமா மடிச்சேன்ல, அதுவும் என் கணக்குல சேர்ந்துருச்சு போல."

எனக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு முழம் தார்ரோடு. என் கை மட்டும் அன்றைக்கு என் பேச்சைக் கேட்டிருந்தால், ஒரே ஒரு மடிப்பு.

"பஸ்ஸு வருது பாரு" என்றான் அவன். "தங்கத்துக்கிட்ட ஒண்ணும் சொல்லாத. அச்சாபீஸுல லீவு இல்லன்னு சொல்லு."

விடியற்காலம் நாலே முக்காலுக்குத் தங்கமாரிக்குப் பெண் பிறந்தது. இரண்டு கிலோ நானூறு. பெரிய உயிரும் சின்ன உயிரும் நல்லபடி. நான் பிள்ளையைக் கையில் வாங்கி முதலில் அதன் விரல்களைத்தான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு மாதம் இரண்டு தடவை நான் மதுரைக்குப் போகிறேன். தபால் பெட்டிக்கு இந்தப் பக்கம் எதிர்ப்புற மருந்துக் கடைக்காரர் எனக்கு ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போடுகிறார், அந்தப் பக்கம் அவன் நிற்கிறான், இட்லிப்பொடி டப்பா கைமாறுகிறது. அவனுடைய அந்த இரண்டு இலையையும் எப்படிப் பிரிப்பது என்று பிள்ளையார் முதல் வக்கீல்வரை எல்லோரிடமும் கேட்டாகிவிட்டது. வக்கீல் மனு போட்டுப் பார்க்கலாம் என்றார், யாருக்குப் போடுவது என்று தெரியவில்லை என்றும் அவரே சொன்னார்.

பிள்ளைக்கு ஏழாம் மாதம் காது குத்தினோம். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும், மாமன் இருக்கிற இடம் வெத்தலைப்பேட்டை. தங்கமாரி அங்கே ஒரு வாய் சாப்பிட்டதில்லை, பிள்ளைக்குத் தாய்ப்பாலும் கேப்பைக் கூழும்தான், ஆசாரியும் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார், அதனால் மூன்று பேரும் உள்ளே போனார்கள். என் வீட்டுக்காரரும் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு போனார். நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். கீழத்தெரு அங்கிருந்து தெரியாது. ஹாரன் சத்தத்துக்கு நடுவில் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன், பிள்ளை ஒரு தடவை வீறிட்டது, கொஞ்சம் கழித்து இன்னொரு தடவை. இரண்டு காதும் ஆயிற்று என்று தெரிந்தது.

திரும்பி வரும்போது அவர்களோடு சௌந்தரம் அக்காவும் வந்தாள். நான் போன நாளிலிருந்து அவள் முக்குப்பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அவள் கையில் ஒரு எவர்சில்வர் தட்டு, சோறும் புளிக்குழம்பும் கூட்டும் அப்பளம் இரண்டும்.

"வெளியாளுகளுக்கு இப்ப தட்டுலதான் தங்கச்சி போடுறேன்" என்றாள். "சாப்பிடலாம், போகலாம், வரலாம். யாரையும் ஒண்ணும் பண்ணல. புத்தி அப்ப வரல. விசேஷத்துக்கு வந்துட்டுப் பசியோட போகாத."

தங்கமாரிக்கும் அவள் அப்பாவுக்கும் அங்கேயே ஒரு வீட்டில் தட்டு வைத்து அனுப்பியிருந்தாள். எனக்குத்தான் எல்லையைத் தாண்டி நீட்டினாள். காளிராஜ் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றான், அதன் காதில் மஞ்சள் தடவியிருந்தது, அவன் சட்டையில் அதன் கண்ணீர். நான் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டோரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சாப்பிட்டேன். புளிக்குழம்பு முன்னால் இருந்த மாதிரியே இருந்தது. அவர்கள் எல்லோரும் நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் என் கை, பழக்கத்தில், அந்தப் பக்க ஓரத்தைத் தேடிப் போனது, அதைப் பிடித்து என் பக்கம் கொண்டுவர. விளிம்பு மடியவில்லை. நான் இன்னொரு முறை அதை இழுத்துப் பார்த்தேன்.